சம்பந்தி கேட்ட சீதனம்

நான் நின்றுகொண்டு எழுதிப் பழகியவள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் குசினியில் கதிரை போட இடமில்லை, அவ்வளவுதான். அடுப்பில் சோறு வேகும். பக்கத்துச் சீமெந்துத் திட்டில் சீனி டின்னோடு கைபேசியைச் சாய்த்து வைத்திருப்பேன். மீன் வெட்டிய கையைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவி, உடுப்பில் துடைத்துவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவேன். கைபேசி வருவதற்கு முன்னர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். என் இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் இப்படி நின்ற நிலையில் எழுதியவைதான். கால் வீங்கியதைத் தவிர அவற்றால் எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பது என் தொழில். கல்முனைக்குப் பக்கத்தில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் எங்கள் வீடு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் இடியப்பம் அவிக்க வேண்டும், கணவரை வயலுக்கு அனுப்ப வேண்டும், ஒரே மகள், அவளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், பிறகு நான் பள்ளிக்கூடம் ஓட வேண்டும். பின்னேரம் வந்தால் உடுப்பு, கூட்டுதல், கொப்பி திருத்துதல், கலியாண வீடு, சாவு விழுந்த மவுத்து வீடு. இவ்வளவும் போக மிச்சம் இருந்தால் எழுத்து. மிச்சம் என்பது சில நாள் ஒரு தேத்தண்ணி கொதிக்கிற நேரம். சில கிழமைகள் அதுவும் இராது.

முதலாவது தொகுதிக்கு எங்கள் பக்கத்து வழக்கப்படி வெளியீட்டு விழா வைத்தார்கள். முதற்பிரதியை ஒரு பெரிய வியாபாரி பெற்றுக்கொண்டார். பொன்னாடை, படப்பிடிப்பு, கைதட்டல் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்தைக் கூட்டிய பெண் அந்த முதற்பிரதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "ராத்தா, உங்கட புத்தகத்த ஆரோ கதிரையில விட்டுட்டுப் பெய்த்தாங்க" என்றார். நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தபடியே பஸ் ஏறினேன். எழுதக் கிடைத்தால் போதும் என்று இருந்த காலம் அது.

எங்கள் ஊரில் யாரும் கதை வாசிப்பதில்லை என்று சொன்னால் அது பொய். வாசிப்பார்கள். ஆனால் கதையில் வருவது யார் என்று கண்டுபிடிப்பதற்காக வாசிப்பார்கள். ஒரு தடவை, மருமகனுக்கு மீன் பரிமாறும் ஒரு மாமியைப் பற்றி எழுதினேன். நல்ல துண்டு மருமகனுக்கு, வால் துண்டு தன் கணவருக்கு என்று வருடக்கணக்காகப் பரிமாறிய ஒருத்தி, ஒரு நாள் மாற்றிப் பரிமாறிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அடுப்பில் தேங்காய்ப்பால் விட்ட பாலாணம் கொதிக்கும்போது என் தலைக்குள் முளைத்தது. அது ஒரு சிற்றிதழில் வந்த ஒரு கிழமைக்குள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டார் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினார்கள். அக்கரைப்பற்றிலிருந்து, நான் கண்ணாலும் காணாத ஒரு பெண் தொலைபேசி எடுத்தார்.

"என்ட மருமகனப் பத்தி எழுதிக் கிழிச்சிப் போட்டீங்களே, உங்களுக்கு நான் என்ன செஞ்சன்?"

"உங்கட மருமகன எனக்குத் தெரியாதே" என்றேன்.

"தெரியாமலா இவ்வளவு சரியா எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல்லும் சீமெந்தும் சேர்ப்பான். கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வருவார். வீடு மகள் பேருக்கு மாறிவிடும். பெற்றோர் பின் வளவுக்கு ஒதுங்குவார்கள். ஆகவே வீட்டுக்கு வீடு, வெளியிலிருந்து வந்த ஓர் ஆண் உட்கார்ந்திருப்பார். பெரிய மீன் துண்டு அவருக்குப் போகும். அவரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து கதைக்கமாட்டார்கள். அதனால் எந்த மருமகனைப் பற்றி எழுதினாலும் ஊர் முழுக்க அது தங்கள் வீட்டுக் கதையாகத்தான் தெரியும். இது அன்றைக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த வேடிக்கையிலிருந்துதான் என் நாவல் வந்தது. அது என் கணவரைப் பற்றியது. அவருக்கு அது தெரியாது.

அவர் வரிப்பத்தான்சேனைக்காரர். அங்கே வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவர், என்னைக் கலியாணம் முடித்து என் வாப்பா கட்டிய வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சுவரில் அவர் ஓர் ஆணி அடித்ததில்லை. சட்டையைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போடுவார். எப்போதாவது சுவரைத் தடவிப் பார்த்து, "இதில ஒரு ஆணி அடிச்சாப் பறவாயில்லியா?" என்று கேட்பார். "உங்கட வீடுதானே, அடிங்க" என்பேன். தலையாட்டுவார், அடிக்கமாட்டார். பிறகு சட்டை கதிரைக்கே போகும். நெல் வெட்டுக் காலத்தில் வயலில் வாடி போட்டுத் தங்குவார். அந்த ஓலைக் குடிலுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கும்போதுதான் அவர் முகம் முழுசாக இளகியிருக்கும். ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோனபோது அதைக் கண்டேன். இத்தனை வருடமும் இந்த மனிதர் என் வீட்டில் விருந்தாளியாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று திரும்பி வந்து, குசினியில் நின்று, முதல் பக்கத்தை எழுதினேன்.

அது நன்றாக வந்துகொண்டிருந்தது. என் எழுத்தைப் பற்றி நான் அப்படிச் சொன்னதில்லை. கதைகள் பரவாயில்லாமல் இருந்தன, நாலு பேர் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் இந்த நாவல் வேறு. தேங்காய் துருவும்போது வசனங்கள் தாமாக வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது அடுத்த அத்தியாயம் தெரியும். பாதிக்கு மேல் வந்துவிட்டேன். இதை எழுதி முடித்தால் போதும், மற்ற எல்லாக் கஷ்டத்துக்கும் இது ஈடாகிவிடும் என்று நம்பினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று எனக்கே ஒரு பயம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்தது.

என் மகள் படித்தவள், பிரதேச செயலகத்தில் வேலை. ஆனால் பேச்சுகள் வருவதும் போவதுமாகவே இருந்தன. வீடு கடலுக்குக் கிட்ட என்று ஒரு வீட்டார் போனார்கள். பெண்ணுக்கு வயது கூடிவிட்டது என்று இன்னொரு வீட்டார். ஒரு தரகர் என் முகத்துக்கு நேரே, "தாய் கதை எழுதிற பொம்புள எண்டு யோசிக்கிறாங்க ராத்தா" என்றார். மகள் எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் சிறு வயதிலிருந்தே எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள். இந்தப் பேச்சு வந்தபோது மட்டும், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமல், "உம்மா, இது சரிவந்தா நல்லம்" என்றாள். மாப்பிள்ளை அட்டாளைச்சேனைப் பக்கம், அம்பாறையில் ஒரு கந்தோரில் வேலை. இருவரும் ஒரு பயிற்சி வகுப்பில் கண்டு பழகியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் அந்த ஒரு வசனத்தைச் சொன்ன விதத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் வந்தார். கணவரை இழந்தவர், மெலிந்த மனிசி, வெள்ளை முக்காடு. முன் அறையில் ஆண்கள் இருந்து வீட்டு உறுதிப் பத்திரத்தையும் கலியாண நாளையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பி நேராகக் குசினிக்கு வந்தார். நான் பலகாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சீனி டின்னில் சாய்ந்து நின்ற கைபேசியைப் பார்த்தார்.

"இதிலயா எழுதிற?"

"ஓம்" என்றேன்.

"நான் ஒண்டு கேட்டாக் கோவிக்கப்படாது. வளவு, வீடு, வயல் எண்டு ஆம்புளையள் என்னத்தையும் கதைக்கட்டும். எனக்கு அதொண்டும் வேணா. நான் கேக்கிற சீதனம் ஒண்டே ஒண்டுதான்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு நாலும் ஆம்புளப் புள்ளதான். மூணு பேரை ஆரார்ட வீட்டுக்கோ குடுத்துட்டன். இவன் கடைசி. நாளைக்கு இவன் உங்கட வீட்டிலதான் திம்பான், உங்கட வீட்டிலதான் படுப்பான். காய்ச்சல் வருத்தம் வந்தா நீங்கதான் பாப்பீங்க. கோவம் வந்தாலும் நீங்கதான் காணுவீங்க. பெத்த எனக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியவரும். அதக் கதையா எழுதிப்போடாதீங்க."

"நான் அப்பிடி ஆரையும் எழுதிறல்ல. கதை வேற, மனிசர் வேற."

"உங்களுக்கு வேறதான். ஊருக்கு வேற இல்லியே. நீங்க ஒரு குரங்கப் பத்தி எழுதினாலும் என்ட மகன்தான் குரங்கு எண்டு சொல்லுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அக்கரைப்பற்றுப் பெண்ணின் குரல் என் காதுக்குள் வந்தது. இந்த மனிசி சொல்வதில் பிழை என்ன என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்ததோ, மருமகனாக ஒரு வீட்டுக்கு வந்தவனைப் பற்றிய நாவல். அது வெளிவந்தால் ஊரில் ஒருவராவது என் கணவரை நினைப்பாரா? புது மாப்பிள்ளையைத்தான் நினைப்பார்கள்.

"அப்ப எழுத்தையே விடச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுத்த விட்டாலும் உங்களுக்கு மகள் இரிக்கி, மனிசன் இரிக்கி, உத்தியோகம் இரிக்கி. எனக்கு இவன் ஒருத்தன்தான்கா மிச்சம்."

குசினி வாசலில் மகள் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டு மெல்லச் சத்தம் போட்டன.

"ஓம்" என்றேன். "இனி எழுதிறல்ல."

அன்று எல்லாரும் போன பிறகு மகள் வந்து, "உம்மா, எழுத்த விடச் சொல்லி நான் கேட்டல்ல" என்றாள். "ஓம் மகள், நீ கேட்டல்ல" என்றேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யாரை ஏசுவது? அந்த மனிசி தன் பிள்ளையைக் காக்க வந்தவர். மகள் வாயே திறக்கவில்லை. ஊரை ஏசினால் ஊருக்குக் காது கேட்காது. கணவர் மட்டும், "கொஞ்சக் காலத்துக்குத்தானே, மறுகா எழுதலாம்" என்றார். அந்த நேரம், "நான் எழுதிறது உங்களைத்தான்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் வெட்கப்பட்டிருப்பார். அந்த வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. வீடு மகளின் பேருக்கு மாறியது. நாங்கள் இருவரும் பின் வளவில் கட்டிய இரண்டு அறைக்குப் போனோம். போன முதல் நாளே கணவர் அயல் வீட்டில் சுத்தியலை வாங்கிக்கொண்டு வந்து ஆணி அடிக்கத் தொடங்கினார். சட்டைக்கு ஒன்று, துவாய்க்கு ஒன்று, கலண்டருக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. அடித்து முடித்து, தூரப் போய் நின்று பார்த்து, இன்னொன்றையும் அடித்தார். வாய்க்குள் ஏதோ பைத் பாடிக்கொண்டிருந்தார். "இது நம்மட இடம்தானே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அகப்பையோடு வாசலில் நின்று பார்த்தேன். என் நாவலுக்கு நான் தேடிக்கொண்டிருந்த முடிவு அதுதான். கண்ணுக்கு முன்னால், ஆணி ஆணியாக, தானாக நடந்துகொண்டிருந்தது. எந்த எழுத்தாளருக்கும் இப்படி வாய்க்காது. கை துறுதுறுத்தது. குசினிக்குள் போனேன், கைபேசியை எடுத்தேன், திரும்பவும் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன். என் வாழ்க்கையில் மிகவும் கஷ்டப்பட்ட நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். மவுத்துகளைக் கண்டிருக்கிறேன், கடல் ஊருக்குள் வந்ததையும் கண்டிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் கூட அழ நாலு பேர் இருந்தார்கள்.

எழுதி ஒளித்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். ஒரு விடுமுறை நாளில், வீட்டில் யாரும் இல்லாத நேரம், நாவலைத் திறந்து வாசித்தேன். அப்போதுதான் அந்த விபரீதம் தெரிந்தது. கதிரையின் முதுகில் சட்டையைப் போடும் மனிதனைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு மருமகனின் முகம்தான் வந்தது. மெல்லக் கதவைச் சாத்துபவன் மருமகன். சாப்பிட்டு எழும்பும்போது பீங்கானை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவன் மருமகன். ஊர் வாசிப்பதுபோலவே நானும் வாசிக்கத் தொடங்கியிருந்தேன். என் கணவருக்காக நான் கட்டிய வீட்டுக்குள் இன்னொருவர் குடிவந்துவிட்டார். கைபேசியை மூடி வைத்தேன்.

மருமகனை ஒரு குறையும் சொல்ல முடியாது. அமைதியான பிள்ளை. என்னை "மாமி, மாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். நான் பரிமாறும் பெரிய துண்டை யாருக்கும் தெரியாமல் மகளின் பீங்கானுக்குத் தள்ளிவிடுவார். கந்தோர் முடிந்து வந்ததும் பின் மதிலடியில், முருங்கைக்குக் கீழே நின்று தாயோடு தொலைபேசியில் கதைப்பார். இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டார், ஆனாலும் "ஓம் உம்மா, வயிறு நிறையச் சாப்பிட்டன்" என்பார். முதல் வருடம் இப்படி ஒவ்வொன்றும் என்னை வந்து இடித்தது. ஒவ்வொன்றையும் விழுங்கினேன். விழுங்கி விழுங்கி ஒரு மாதிரிப் பழகிவிட்டது.

எழுதுவதை நான் முற்றாக நிறுத்திவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. "எழுதத் தெரிஞ்ச மாமி" என்று மருமகனே தன் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். ஓய்வு பெறும் அதிகாரிக்கு வாழ்த்துமடல், கலியாண வீட்டுக்கு வாழ்த்துப்பா, விளையாட்டுப் போட்டிக்கு வரவேற்புரை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்க மவுத்து அறிவித்தல். "மாமி, ஒரு சின்ன உதவி" என்று கொண்டுவருவார். எழுதிக் கொடுப்பேன். "அன்னாரின் அளப்பரிய சேவை", "சமூகத்தின் விடிவெள்ளி" என்று வரும். யாரும் கோபிக்கமாட்டார்கள். அதற்குள் யாரும் இல்லையே.

இரண்டாம் வருடம் நடந்த ஒன்றுதான் என்னைப் பயப்படுத்தியது. ஒரு நாள் மகள் கண் வீங்கி வந்து என் பக்கத்தில் இருந்தாள். "உம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒரு கிழமையாக் கதைக்கிறல்ல, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. இருவருக்கும் நான்தான் மூன்று வேளையும் சாப்பாடு போட்டேன். ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். முன்பென்றால் பீங்கானை வைக்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். இப்போது சோறு போட்டேன், ஆணம் ஊற்றினேன், தண்ணீர் வைத்தேன், ஒன்றையும் காணவில்லை. அவர்கள் சண்டை இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. நான்தான் தீராமல் இருந்தேன். எழுதக்கூடாது என்று கையைத்தான் கட்டினேன், கண்ணும் சேர்ந்து அவிந்துபோகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு எனக்கு ஓய்வு வந்தது. மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க சம்பந்தி வந்து சில நாள் எங்களோடு தங்கினார். பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் பூசி முடித்துவிட்டு, ஒரு பின்னேரம் குசினிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். இப்போது கொஞ்சம் சதை போட்டிருந்தார். மகன் நன்றாக இருக்கிறான் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"இப்ப எழுதிறல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஏங்கா? நான் அண்டைக்குச் சொன்னதுக்கா?"

நான் அடுப்பைத் தணித்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அல்லாஹ்வே! அது அந்த நேரத்துப் பயம்கா. நீங்க இன்னமும் அதப் பிடிச்சிட்டா இரிக்கீங்க? இப்ப ஆரு கதைப் புத்தகம் வாசிக்கிற? எல்லாரும் போனைத்தானே தேய்க்கிற. என்ட மூத்தவன்ட பொஞ்சாதி அவங்கட வீட்டுச் சண்டையெல்லாம் பேஸ்புக்கில போடுறா, ஆரும் ஏனெண்டு கேக்கல்ல. நீங்க எழுதுங்க. என்ட மகன்ட பேரப் போட்டே எழுதுங்க. ஒருத்தரும் பாக்கமாட்டாங்க."

அவர் அன்போடுதான் சொன்னார். என் தோளைத் தட்டினார். ஒரு கடனை அடைத்த திருப்தி அவருக்கு. நான், "சரி" என்றேன். அவர் அன்றைக்குப் பயந்தாரே, அந்தப் பயம்தான் என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதை. இத்தனை நாளும் என்னை அறியாமலே அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். யாராவது, "டீச்சர், இப்ப ஒண்டும் எழுதிறல்லியா?" என்று கேட்டால், ஒரு மாதிரிச் சிரித்து வைப்பேன். எழுத விடவில்லை என்ற குறை அந்தச் சிரிப்பில் இருக்கும். எழுத விடப்படாத எழுத்தாளர் என்றாலும் எழுத்தாளர்தானே. இப்போது எழுத விட்டாகிவிட்டது.

அடுத்த நாள் காலை எல்லா வேலையும் வேளைக்கே முடிந்தது. மருமகன் கந்தோருக்குப் போய்விட்டார். குழந்தை தூங்கியது. மகள் பிரசவ விடுமுறையில் வீட்டில் இருந்தாள். சம்பந்தி அவளோடு முன் அறையில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் பின் அறையில், மேசை போட்டு, கதிரை போட்டு, முதல் தடவையாக உட்கார்ந்து, நாவலைத் திறந்தேன்.

முழுவதையும் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இதைக் கர்வமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் எழுதியவள் வேறு யாரோ போல இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு மனிதன் சுவரைத் தடவும்போது அவன் விரல் எங்கே நிற்கும் என்றுகூடத் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விட்ட இடத்துக்குக் கீழே ஒரு வசனம் எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் வாழ்த்துமடலில் வருகிற வசனம். அதையும் அழித்தேன். ஆணி அடித்த நாளை நினைத்துப் பார்த்தேன். ஆணி அடித்தார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நெஞ்சை அடைத்தது எது என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. என்னைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

கணவர் வயலிலிருந்து நேரத்தோடு வந்தார். குழாயடியில் கால் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தவர், நான் மேசையில் இருப்பதைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"எழுதிறியா?"

"ஓம்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. உள்ளே வராமல், ஈரக் காலை மெல்ல மெல்ல வைத்துத் திரும்பிப் போனார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வெளியே அவர் மகளிடமும் சம்பந்தியிடமும் குரலைத் தாழ்த்திச் சொல்வது கேட்டது.

"சத்தம் போடாதீங்க. உம்மா எழுதிறா."

இத்தனை வருடத்தில் என் வீட்டில் யாரும் இந்த வசனத்தைச் சொன்னதில்லை. முன் அறையில் கதை நின்றது. யாரோ தண்ணீர் மோட்டரை நிறுத்தினார்கள். குழந்தை சிணுங்கியதும் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போனார்கள். வீடு முழுவதும் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வெறும் திரையைப் பார்த்தபடி, மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை, எழும்பாமல் இருந்தேன்.